கழற்றிய திருகு

சிகாமாட் ஆஸ்பத்திரியில் படத்தை வெளிச்சத்தில் மாட்டி
டாக்டர் ஹனிசா பேனா முனையால் காட்டினார்.
தொடையெலும்பின் மஜ்ஜைக்குள் நெடுக ஓர் ஆணி,
மேலே இரண்டு திருகு, கீழே இரண்டு.
எல்லாம் நேர்த்தி.
நடுவில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு,
சாத்த மறந்த சன்னலிடுக்கு.
ஐந்து மாதம் ஆயிற்று.

“ரொம்ப இறுக்கிப் பிடித்திருக்கிறது,” என்றார் மலாயில்.
“மேல் திருகு ஒன்றைக் கழற்றிவிடலாம்.
உன் பாரம் கொஞ்சம் இறங்கட்டும்.
பாரமே தெரியாத எலும்பு எதற்காக வளரும்?”

பாரம் பற்றி, என்னிடம்.

லாபிஸுக்கு வெளியே செம்பனை ஆலையில்
பதினாலு வருஷமாய் எடைமேடைக் குமாஸ்தா நான்.
லாரி ஏறும். சிவப்பு எண் துடிக்கும், நிற்கும்.
பழத்தோடு ஒரு தடவை, இறக்கியபின் ஒரு தடவை,
கழித்து எழுதிச் சீட்டைக் கிழிப்பேன்.

பிசியோ அறையில் யுகேந்திரன்
குளியலறைத் தராசு ஒன்றைத் தரையில் வைத்து,
“இந்தக் கால் மட்டும் அக்கா. இருபது கிலோ. தாண்டாதீங்க.”
பதினெட்டு. பத்தொன்பது.
இருபதில் ஜாக்கெட் முழுக்க வியர்வை.
எத்தனை ஆயிரம் டன் பார்த்த கண்
அந்த முள்ளை விட்டு நகரவில்லை.

உள்ளே நடப்பதை அவன்தான் சொன்னான்:
முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டுமாம்,
கட்டியது நாராகி, நார் குருத்தாகி,
குருத்தில் சுண்ணாம்பு ஏறுமாம்.
ஆணி ஒன்றையும் ஒட்டாது அக்கா,
கூடவே நின்றுகொண்டிருக்கும், அவ்வளவுதான்.
குருத்து என்றதும் எனக்குப் பனைதான் தெரிந்தது,
மட்டைகளுக்கு நடுவே விரியாமல் நிற்கும் ஈட்டி.

பக்கத்து வீட்டு பூய் லான்
ஹருவான் மீனை இஞ்சி தட்டிப் போட்டு
சூப் வைத்துக் கொண்டுவந்தாள், வாரம் இருமுறை.
தையல் ஆறியது அதனால்தான் என்கிறாள்.
நான் மறுக்கவில்லை. நன்றாகவும் இருந்தது.

சொக்சோ படிவத்தில் காரணம்: மழை, வழுக்கல்.
மழை பெய்தது உண்மை.
ஏழாம் கட்டை வளைவில் சிதறிக் கிடந்த
உதிரிப்பழம் படிவத்தில் இல்லை.
மோட்டார் சைக்கிள் அதன்மேல் ஏறியபோது
யார் லாரியில் இருந்து கொட்டியது என்று
விழுவதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டதும் இல்லை.

கஜேந்திரன் தொள்ளாயிரம் கிலோ கூட ஏற்றி வருவான்.
ஒரு சுமையை இரண்டு சீட்டாய்ப் பிரித்து எழுதினால்
கணக்கு அளவுக்குள் நிற்கும்.
கோப்பிக் காசு பத்து வெள்ளி.
மகளின் டியூஷனுக்கு என்று எடுத்து வைப்பேன்,
வேறு எதற்கோ செலவாகும்.

திருகு கழற்ற அரை மணிகூட ஆகவில்லை.
மரத்த தோலுக்குள் யாரோ குழாய் திருப்புவது போல.
தட்டில் விழுந்தபோது மட்டும் டிங் என்றது.
சின்ன போத்தலில் போட்டுக் கொடுத்தார்கள்.

ஏழு வாரம் கழித்து வெள்ளைப் புகை மாதிரி ஒன்று
கோட்டைச் சுற்றிக் கட்டியிருந்தது.
பிறகு அது புகையாக இல்லை.

வேலைக்குத் திரும்பிய காலை, யாரும் வருமுன்
எடைமேடையில் நானே ஏறி நின்றேன்.
அறுபது என்றது. இருபது இருபதாகத்தான் அது எண்ணும்.
போத்தலை மட்டும் வைத்தேன். பூஜ்யம்.

பத்தரைக்கு கஜேந்திரன்.
“கால் எப்படிக்கா?” குரலில் நிஜமான அக்கறை.
கவுண்டரில் நான்காய் மடித்த சிவப்பு நோட்டு.
பின்னால் இரண்டு லாரி ஹார்ன் அடிக்கின்றன,
மழை வரப்போகிறது, தொடைக்குத் தெரிகிறது.
வலை கட்டாத பழக்குலைகள் மேலே பிதுங்கி நிற்க
வண்டி மெல்ல ஏறுகிறது, மேடை ஒருமுறை குலுங்குகிறது.
சீட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறேன்.
எண் இன்னும் நிற்கவில்லை.